வளவு வீட்டுக்கு வர்ணம்: வேலைக் குறிப்பு

பிப்ரவரி 14

அடிக்க வேண்டியவை: வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய அறைகள், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் உள்ள சமையலறை. மார்கழியிலேயே அடித்திருக்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனத்த சுவர் குடித்த தண்ணீர் மார்கழிப் பனியில் வெளியேறாது. அந்த ஈரத்தின் மேல் பெயிண்ட் அடித்தால் சித்திரை வெயிலில் கொப்பளித்து நிற்கும். காரைக்குடிப் பக்கத்துக்கு மாசியும் பங்குனியும்தான் தோது.

ஷேடு கார்டைத் திறக்கும் முன் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தாயிற்று. ஒரே வீட்டில் மூன்று விதம். முகப்பில் பழைய முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு), கை வழுக்கிக்கொண்டு போகிறது. வளவு அறைகளில் சுண்ணாம்பு, கையில் மாவாக ஒட்டுகிறது. சமையலறையில் பிற்பாடு பூசிய சிமெண்டும் அதன் மேல் டிஸ்டெம்பர் என்ற பழைய வகைத் தூள் பெயிண்டும். முட்டைப் பூச்சுக்கு எந்தப் பெயிண்டும் வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும். கறை போகவில்லையென்று ஆசிட் கலந்த கிளீனரைத் தொடக் கூடாது, சுண்ணாம்பை அது அரித்துத் தின்றுவிடும். இப்படியொரு சுவரின் மேல் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்) அடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிப்ரவரி 15

இன்று முழுக்க வெளிச்சம் பார்க்கும் வேலை. ஆத்தங்குடிக் கல் (பூ வேலை செய்த கைவேலைத் தரைக்கல்) பதித்த தரை, பர்மா தேக்குத் தூண், கதவு இவற்றையெல்லாம் மாற்றப் போவதில்லை. ஆகவே கலர் தேர்வு தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெள்ளை சார்ட் பேப்பரைத் தரையை ஒட்டிச் சுவரில் நிறுத்திக் காலை 9, பகல் 1, மாலை 5 மணிக்குப் பார்த்தோம். பகல் வெயில் வளவில் இறங்கிச் சிவப்புக் கல்லில் பட்டபோது பேப்பரின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாகிவிட்டது. மேல்பாதி வெள்ளையாகவே நின்றது. ஆக, தரைச் சிவப்பு சுவரின் அடிப்பகுதியில் ஏறுகிறது. வீட்டு ஆச்சி விரும்பிய ரோஸ் கலந்த க்ரீம் இங்கே பகலில் இன்னும் சிவப்பேறிக் கண்ணைக் கூசும். துளி மஞ்சள் அல்லது துளிப் பச்சை கலந்த வெள்ளையாக இருந்தால் அந்தச் சிவப்பை அடக்கிச் சுவர் அமைதியாக நிற்கும்.

இன்னொன்று. இப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சி வெயில் வளவின் வடபுறத் தாழ்வாரத்தில் விழுகிறது. ஆனியில் சூரியன் தலைக்கு மேல் சற்று வடக்கே போய்விடும், வெயில் தென்புறத்துக்கு மாறும். மாசியில் இருட்டாகத் தெரிகிற தென்புறச் சுவருக்கென்று தனியாகப் பளீர் வெள்ளை எடுப்பது வீண்.

பிப்ரவரி 16

கார்டில் இருப்பது இரண்டு விரல் அகலச் சதுரம். நான்கு சுவரிலும் ஏறும்போது ஒன்றின் நிறம் மற்றொன்றில் பட்டு அடர்த்தி கூடும். பிடித்த ஷேடுக்கு ஒரு படி வெளிறியதை எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். வெளிச்சத்தைத் திருப்பித் தரும் அளவை எல்ஆர்வி என்று கார்டின் பின்பக்கம் போட்டிருந்தால் பாருங்கள். வளவை ஒட்டிய அறைக்கு 65 முதல் 75 போதும், ஒற்றை ஜன்னல் உள்ளறைக்கு 80க்குக் குறைய வேண்டாம்.

மாதிரியைச் சுவரில் அடிக்காமல் 2 அடிக்கு 2 அடி ஹார்டுபோர்டில் இரண்டு கோட் அடித்தோம், ஓரத்தில் 2 அங்குலம் வெள்ளை விட்டு. பழைய கலருக்கு நடுவே வைத்தால் புதுக் கலர் கண்ணை ஏமாற்றும். போர்டை மூலையிலும் கதவுக்குப் பக்கத்திலும் நகர்த்திப் பார்க்கலாம். இரவில் எந்த பல்பு எரியுமோ அதைப் போட்டும் பார்க்க வேண்டும்: 3000 கெல்வின் எல்இடியில் (மஞ்சள் ஒளி) தேக்கு நன்றாக இருக்கும், மஞ்சள் கூடும், 6500 கெல்வின் (வெள்ளை ஒளி) போட்டால் அதே சுவர் சாம்பல் பூத்துவிடும்.

பிப்ரவரி 18

வளவு அறைகளுக்குச் சுண்ணாம்பேதான். அடியில் ஈரமுள்ள சுவர் மூச்சு விட வேண்டும், எமல்ஷன் அதை அடைத்துவிடும். மாவு உதிரும் பரப்பில் அது பிடிக்கவும் பிடிக்காது.

கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட வேண்டும். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்பு டிரம் வையுங்கள். ஒரு நாள் ஊறியதும் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த பசை சேர்க்கலாம்.

நிறத்துக்கு ஆக்சைடு பவுடர் மட்டும்: மஞ்சள் காவி, செங்காவி. மற்ற பல சாயங்கள் சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும். 10 கிலோ சுண்ணாம்புக்கு 120 கிராம் மஞ்சள் காவி போட்டோம். எவ்வளவு அடர்த்தி பிடித்தாலும் 1 கிலோவைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் தோளில் ஒட்டும். பவுடரை முன்னாடியே தனியாக ஊறவைத்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் கோடு கோடாக இழுக்கும். ஈரத்தில் அடர்ந்து தெரிவது காய்ந்தால் பாதிக்கு வெளுக்கும், அதனால் போர்டில் தடவி முழுக்கக் காய்ந்த பிறகே முடிவு.

சுவரை நனைத்து, பால் பதத்தில், ஒரு நாளைக்கு ஒரு கோட், மொத்தம் மூன்று. முதல் கோட் மேலும் கீழும், அடுத்தது குறுக்கே. ஒரே கோட்டில் முடிக்கக் கெட்டியாக அடித்தால் பொருக்காகப் பெயர்ந்துவிடும்.

தரையில் சாக்கு விரித்திருக்கிறது. அப்படியும் சொட்டினால் உடனே ஈரத்துணி. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத சிமெண்டுக் கல், காய்ந்த சொட்டை எடுக்க ஆசிட் ஊற்றினால் பூ அழிந்துபோகும்.

பிப்ரவரி 20

மேற்கு அறையில் தரையிலிருந்து 3 அடிக்கு உப்புப் பூத்திருக்கிறது. எப்போதோ பூசிய சிமெண்டுப் பட்டையால் ஈரம் வெளியேற வழியில்லை. அதைக் கொத்தி எடுத்து, உப்பைக் காய்ந்த பிரஷால் தள்ளிப் பெருக்கினோம். கழுவினால் கரைந்து உள்ளேயே திரும்பிவிடும். காய்ந்ததும் சுண்ணாம்பு 1, மணல் 3 கலவைப் பூச்சு. மேலே வெளிர் மஞ்சள், அந்த 3 அடிக்குச் செங்காவி. உப்பு மறுபடி வந்தாலும் கீழ்ப்பட்டையை மட்டும் புதுப்பித்தால் போதும், தரைக் கல்லின் ஓரச் சிவப்போடும் இசைகிறது.

பிப்ரவரி 23

சமையலறைக்கு எமல்ஷன், துடைக்க வசதியாக லேசான மினுமினுப்பு. அதிக மினுமினுப்பு சுவரின் மேடு பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். டிஸ்டெம்பரை முழுக்கச் சுரண்டியாயிற்று.

12க்கு 11 அறை, உயரம் 11: சுற்றளவு 46, பரப்பு 506 சதுர அடி. இரண்டு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் 425. பட்டி (சுவரைச் சமன் செய்யும் மாவுப் பூச்சு) கிலோவுக்கு 12 சதுர அடி வீதம் 40 கிலோ மூட்டை ஒன்று. பெயிண்ட் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி வைத்தால் 7 லிட்டர் சொச்சம், நான்கு லிட்டர் டப்பா இரண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் கடையில் கலக்கச் சொல்லி, இங்கே ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் டப்பா மாறும் இடம் சுவரில் தெரியும். தண்ணீர் லிட்டருக்கு 400 மில்லிக்கு மேல் விட வேண்டாம்.

மீந்த பெயிண்டைச் சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஷேடின் குறியீட்டு எண்ணையும் பேஸ் (கடையில் சாயம் கலக்கும் அடிப்பெயிண்ட்) பெயரையும் மூடியில் எழுதி ஆச்சியிடம் கொடுத்தாயிற்று.