சிவப்புக் கால்சட்டை போன கதை
ரத்தம் பட்டால் தெரியக்கூடாது என்றுதான் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தம் காய்ந்தால் கறுத்துவிடும், சிவப்புத் துணியிலும் நன்றாகவே தெரியும். 1645-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் உருவாக்கிய ‘நியூ மாடல் ஆர்மி’ என்ற படைக்கே சிவப்புதான். சிப்பாய்க்கு மஞ்சிட்டி வகை வேரில் எடுத்த மலிவான சாயம், அதிகாரிகளுக்குப் பின்னாளில் கோச்சினீல் பூச்சியின் பளிச் சிவப்பு. வெடிமருந்துப் புகைமூட்டத்தில் நம்ம ஆள் யார் என்று தெரிய வேண்டுமே, அதற்கும் அது உதவியது.

1884-இல் பிரான்ஸில் பால் வியே என்ற வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் எல்லாம் தலைகீழ்: புகை இல்லையென்றால் பளிச் நிறம் எதிரிக்குக் குறிபார்க்கத்தான் உதவும். வேடிக்கை என்னவென்றால், அதே பிரான்ஸ்தான் 1914 ஆகஸ்டிலும் தன் சிப்பாய்களைச் சிவப்புக் கால்சட்டையோடு இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே அனுப்பியது. தலையில் இருந்த கெப்பித் தொப்பிக்கு மட்டும் நீல உறை மாட்டி மறைத்தார்கள், கால் இரண்டும் வயல்வெளியில் பளிச்சென்று! மாற்றலாம் என்று சொன்னவர்களைத் தேசப்பெருமை பேசியே பல வருடம் அடக்கிவைத்திருந்தார்கள்.

1914-இல் முதல் உலகப் போருக்குச் சற்று முன்புதான் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று நூலையும் கலந்து நெய்த துணிக்கு மாற முடிவெடுத்தார்கள் (கொடியை விட மனசு வரவில்லை போல). ஆனால் சிவப்புக்கு வேண்டிய அலிசரின் சாயம் வந்துகொண்டிருந்தது ஜெர்மனியிலிருந்து, சண்டையே அவர்களோடுதான். சரி, சிவப்பு நூலை விட்டுவிட்டு நெய்யுங்கள் என்றார்கள். அப்படிக் கிடைத்த வெளிறிய சாம்பல் நீலத்துக்குத்தான் ‘அடிவான நீலம்’ என்று அழகாகப் பேர் வைத்தார்கள்.