சோறில்லாத முதல் வாரம்

மாச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் கீட்டோ உணவுக்கு மாறும்போது பசியைக்கூடத் தாங்கிவிடலாம், களைப்பைத் தாங்குவதுதான் கஷ்டம். கிளிநொச்சியிலிருந்து பரந்தன் வரை சைக்கிள் மிதிக்கிற எனக்கு அது முதலில் கால்களில்தான் தெரிந்தது. கெண்டைக்காலில் பிடிப்பு, பின்னேரமானால் தலையிடி.

மாச்சத்தைக் குறைத்ததும் ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு மாச்சத்து கரைகிறது. அதில் ஒரு கிராம் கரைய, ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் சோர்வு போகாததற்கு இதுதான் காரணம்.

எனக்குக் கைகொடுத்தது அம்மா வைக்கிற மீன் சொதி. முல்லைத்தீவு மீன், தேங்காய்ப்பால், தேசிக்காய்ப்புளி, உப்பு கொஞ்சம் தூக்கலாக. இடியப்பம் இல்லாமல் கோப்பையில் ஊற்றிச் சுடச்சுடக் குடிப்பேன். "சோறு சாப்பிடாமல் என்ன சீவியம் பிள்ளை?" என்று கேட்பா. ஆனாலும் சொதியை மட்டும் குறைக்க மாட்டா. அப்புறம் முட்டை, முருங்கையிலை வறை. வெயில் ஏறுமுன் வெளிவேலைகளை முடித்துவிடுவேன்.

சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்கவே வேண்டாம். மருந்தின் அளவை மாற்றாவிட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடக்கூடும். பிரஷர் உள்ளவர்கள் என்னைப்போல உப்பைக் கூட்டவும் கூடாது.