கூகுள் வளாகத்துக்குள் எங்கள் வகுப்பு போய் வந்த கதை

கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் இருக்கும் கூகுள் தலைமையகத்தைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் எதுவும் கிடையாது. அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தன் விருந்தினராகப் பதிவு செய்து கூட்டிப் போனால்தான் உள்ளே கால் வைக்க முடியும். எங்கள் துறையில் படித்த அக்கா ஒருவர் அங்கே பொறியாளர். "வாங்க, பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்ற வேலையெல்லாம் தொடங்கியது. ஆள் கிடைப்பதற்கு முன்னால் விமான டிக்கெட் பற்றிப் பேசவே கூடாது என்பதில் பேராசிரியர் கறாராக இருந்தார். சரியான கறார்.

அடுத்தது விசா. இப்படிப் பார்வையிட மட்டும் போகிற மாணவர்களுக்கு பி1/பி2 என்ற குறுகிய காலப் பயண விசா போதும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் 185 டாலர். விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது. நேர்காணலுக்குத் தடிமனான ஃபைலோடு போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னிடம் கல்லூரிக் கடிதத்தைத் தவிர எதையும் கேட்கவில்லை. யார் செலவு செய்கிறார்கள், படிப்பு எப்போது முடிகிறது, அங்கே என்ன செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான் கேள்விகள். விண்ணப்பிக்கிறவர் அங்கேயே தங்கிவிடுவார் என்றுதான் அமெரிக்கச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. அதனால் போகும் காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகியிருந்தோம். 'ட்ரெய்னிங்' என்ற வார்த்தையை வாயிலேயே எடுக்கக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் போனது பார்க்கத்தான். பயிற்சி என்று சொன்னால் தேவையில்லாத கேள்விகள் கிளம்பும்.

இனி பெயர் விவகாரம். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும்; முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அக்கா கல்லூரிப் பட்டியலை வாங்கவே மறுத்துவிட்டார். அதில் எல்லோருக்கும் இனிஷியல்தானே இருக்கும்! விசாப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லி, அதில் இருக்கிறபடியே பதிவு செய்தார். வரவேற்பறையில் ஒருவர் "எஃப்என்யூ" என்று கூப்பிட்டதும் எங்கள் குழுவில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டபோது யாருக்கும் சிக்கல் வரவில்லை.

உள்ளே போகும் முன் திரையில் ரகசிய ஒப்பந்தம் ஒன்று வந்தது. உள்ளே பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே சொல்லக் கூடாது என்பது சாரம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தாலும் நான் முழுதாகப் படித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் அவர்களே வெளியில் சொல்லியிருக்கும் சங்கதிகள்தான். ஒட்டும் பேட்ஜ் ஒன்று தருவார்கள். அதை வாங்கிய பிறகும் அழைத்துப் போகிறவரை விட்டு நகரக் கூடாது. வேலை நடக்கும் மேசைகள் பக்கம் கேமராவை எடுக்கக் கூடாது.

கூகுள்பிளெக்ஸ் என்று அழைக்கப்படும் இந்தத் தலைமையகம் கூகுளுக்காகக் கட்டிய வளாகம் இல்லை. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் இருந்த இடத்தை 2003இல் வாடகைக்கு எடுத்து, 2006இல் விலைக்கு வாங்கினார்கள். முற்றத்தில் ஸ்டான் என்ற டைனோசர் எலும்புக்கூடு நிற்கிறது. வண்ண வண்ணச் சைக்கிள்கள் ஆங்காங்கே கிடக்கும். அவை ஊழியர்களுக்கு மட்டும். இதையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தோம், அதனால் பெரிய வியப்பில்லை. வியப்பு கழிவறையில் இருந்தது. சிறுநீர் கழிக்கும் இடத்துக்கு மேலே, சரியாகக் கண் மட்டத்தில், ஒரு பக்கத் தாள். மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை நன்றாக எழுதுவது எப்படி என்று சின்ன நிரல் (code) உதாரணத்தோடு அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். 'டெஸ்டிங் ஆன் தி டாய்லெட்' என்று பல வருடங்களாக நடக்கும் வழக்கமாம். வெளியே வந்து சொன்னதும் எங்கள் ஆட்கள் அவசரமே இல்லாமல் வரிசையாக உள்ளே போனார்கள்.

மற்றபடி அலுவலகம் அலுவலகம்தான். சர்வர் கணினி எதுவும் கண்ணில் படாது. பயனுள்ளதாக இருந்தது, ஒரு சின்ன அறையில் இரண்டு பொறியாளர்களோடு உட்கார்ந்து பேசியது. கூகுளின் பெரும்பாலான நிரல் ஒரே களஞ்சியத்தில், அதாவது ஒரே பொதுச் சேமிப்பிடத்தில், இருக்கிறது. சுமார் 200 கோடி வரிகள் என்று 2016இல் வெளியான கட்டுரையில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதில் யார் எதை மாற்றினாலும் இன்னொருவர் படித்துச் சரி சொல்ல வேண்டும். "உங்கள் மேனேஜர் எழுதினாலுமா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். "அவர் எழுதினால் இன்னும் நிறைய கமெண்ட் வரும்" என்று சிரித்தார் ஒருவர். காலை நேரம் பெரும்பாலும் அடுத்தவர் நிரலைப் படிப்பதிலேயே போகிறது என்றார். கல்லூரியில் எங்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த அளவுக்குப் படிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதே மேசையில் சிலர் ரெஃபரல், அதாவது வேலைக்குச் சிபாரிசு, கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவின் முகம் மாறியது தெரிந்தது. அப்புறம் மெயிலில் கேட்டிருக்கலாம்.

கூகுளின் ஆரம்பகால வன்பொருளைப் பார்க்க வேண்டுமென்றால் அதே ஊரிலிருக்கும் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்துக்குப் போக வேண்டும். 1999 காலத்து கூகுள் சர்வர் ரேக் ஒன்று அங்கே இருக்கிறது. பெட்டி, உறை எதுவும் இல்லாத மதர்போர்டுகள், நடுவே கார்க் தகடு, தொங்கும் வயர்கள். காசைச் சேமிக்க எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது பார்த்த உடனே தெரிகிறது. என்னைக் கேட்டால், அலுவலகத்துக்கு அரை நாளும் இதற்கு ஒரு முழு நாளும் ஒதுக்கச் சொல்வேன்.

உள்ளே ஆள் இல்லாதவர்கள் மவுண்டன் வியூ பக்கம் போனால், 2023 அக்டோபரில் திறந்த கூகுள் விசிட்டர் எக்ஸ்பீரியன்ஸுக்குப் போகலாம். அங்கே கடையும் காபிக் கடையும் உண்டு. யாருடைய அழைப்பும் வேண்டாம். டிராகன் செதில் மாதிரி சோலார் தகடு போர்த்திய கிரேடியன்ட் கேனபி கட்டடத்தில்தான் இருக்கிறது. மியூசியமும் அதே ஷோர்லைன் சாலையில்தான். அங்கே போகும் நாளிலேயே இதையும் எட்டிப் பார்த்துவிடலாம்.