360 வகுத்தல் 30

கேள்வி வழக்கமானதுதான். 50 காசும் 20 காசுமாக மொத்தம் 31 நாணயங்கள், மதிப்பு 9 வெள்ளி 80 காசு (மலேசியாவில் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, 100 காசு). ஒவ்வொன்றும் எத்தனை? முதலாம் படிவப் பையன் ஒருவன், இடைநிலைப் பள்ளியின் முதல் வருடம், இரண்டே வரியில் முடித்திருந்தான். 980 கழித்தல் 620, 360. 360 வகுத்தல் 30, 12. ஐம்பது காசு 12, இருபது காசு 19. விடை சரி. நாலு மார்க்கில் ஒன்றுதான் போட்டேன்.

"வழிமுறை எங்கப்பா?"

"எல்லாமே இருபது காசுன்னு வச்சுக்கிட்டேன் சார். அப்படின்னா ஆறு வெள்ளி இருபது. மூணு வெள்ளி அறுபது குறையுது. ஒரு இருபதை எடுத்துட்டு ஐம்பதை வச்சா முப்பது காசு ஏறும். அவ்வளவுதான்."

பலகையில் எழுதிக் காட்டினேன். ஐம்பது காசுகளின் எண்ணிக்கை எக்ஸ். மீதி 31 − எக்ஸ். 50எக்ஸ் + 20(31 − எக்ஸ்) = 980. அடைப்பை நீக்கி, 620-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் 30எக்ஸ் = 360. திரும்பிப் பார்த்தேன். அவன் தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கடைசியில எழுதினதைத்தான் சார் நான் முதல்லயே எழுதிட்டேன்."

"பரீட்சையில இப்படி எழுதினா மார்க் வராது" என்றேன்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அது பொய்யில்லை. சமன்பாடு அமைக்கச் சொல்லும் கேள்வியில் சமன்பாட்டுக்குத்தான் மார்க். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் பரீட்சை வரைக்கும் வழிமுறைக்குத் தனி, விடைக்குத் தனி என்றுதான் திருத்துகிறார்கள். ஆனால் அவன் மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லையே.

என் பக்க நியாயமும் இருக்கிறது. வகுப்பில் பாதிப்பேருக்கு எக்ஸ் என்றால் ஐம்பது காசு நாணயம். எத்தனை நாணயம் என்பதும் எவ்வளவு பணம் என்பதும் ஒன்றாகக் குழம்பிவிடும். ஒரு பக்கம் காசில் 50 என்றும் மறுபக்கம் வெள்ளியில் 9.80 என்றும் எழுதிவிட்டு, விடை ஏன் விநோதமாக வருகிறது என்று முழிப்பார்கள். சிலர் முழிப்பதும் இல்லை, 12.4 நாணயங்கள் என்று எழுதிக் கோடு போட்டுவிடுவார்கள். அதனால்தான் முதல் வரியில் எக்ஸ் எதன் எண்ணிக்கை என்று எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கிறேன். இந்தப் பையன் மட்டும் 12.4 நாணயம் என்று எழுதவே மாட்டான். அவன் மனதில் நாணயத்தை எடுத்து நாணயத்தை வைக்கிறான்.

அவன் அம்மாவுக்குப் பட்டர்வொர்த் பக்கம் காலைப் பசியாறக் கடை. ராத்திரியில் சில்லறையைப் பிரித்துப் பையில் கட்டுவது அவன் வேலை. 2012-இல் வந்த புது நாணய வரிசையில் இருபதும் ஐம்பதும் இரண்டுமே பொன்னிறம், அளவைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் க்யூஆர் ஸ்கேன் செய்து வளர்கிறவர்கள். அவர்களுக்கு நாணயக் கணக்கும் முயல் கணக்கும் ஒன்றுதான்.

முயல் என்றதும், பக்கத்து அறையில் கணிதம் எடுக்கும் சீன ஆசிரியை அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வருகிறது. அவர்கள் பிள்ளைகள் சின்ன வயதிலேயே போடும் கோழி முயல் கணக்காம் அது. 35 தலை, 94 கால். எல்லாம் கோழி என்று வைத்தால் 70 கால், மிச்சம் 24, ஆக முயல் 12. சுன்சி என்ற பழைய சீனக் கணித அறிஞரின் நூலில் உள்ள கணக்கு, ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. அதற்கு நான் ஒரு மார்க் போட்டேன்.

சரி, விட்டிருக்கலாம். மறுவாரம் அவனை மடக்குவதற்கென்றே ஒன்று தயார் செய்தேன். மூன்று வகை நாணயம். இருபது காசின் எண்ணிக்கை, ஐம்பது காசைப்போல் இரண்டு மடங்கு. பத்து காசு, இருபதைவிட மூன்று அதிகம். மொத்தம் 5 வெள்ளி 80 காசு. இதற்கு 'எல்லாமே இருபது' என்பது உதவாது, சமன்பாட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று நினைத்தேன்.

அவன் மூன்று பத்து காசை ஓரமாக எடுத்து வைத்தான். மீதி ஐந்து வெள்ளி ஐம்பது. ஒரு ஐம்பது, இரண்டு இருபது, இரண்டு பத்து, இது ஒரு கட்டு, ஒரு வெள்ளி பத்து காசு. ஐந்து கட்டு. ஐம்பது 5, இருபது 10, பத்து 13.

அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஒரு வரி சேர்த்தான்: எக்ஸ் = எத்தனை கட்டு.

அந்த ஒரு வரிக்காகத்தானே நான் அவ்வளவு பேசினேன்? அவன் புரிந்து எழுதினானா, என்னைச் சமாதானப்படுத்த எழுதினானா? கேட்கவில்லை. வேகக் கணக்கும் கலவைக் கணக்கும் வரும்போது எடுத்து வைக்கக் கையில் எதுவும் இருக்காது, அப்போது எக்ஸ்தான் காப்பாற்றும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் அவனுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிக்கொண்டு என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

இப்போது புது வகுப்புக்கு நாணயக் கணக்கைக் கட்டு கட்டித்தான் ஆரம்பிக்கிறேன். மார்க் மட்டும் இன்னும் சமன்பாட்டுக்குத்தான் போடுகிறேன்.