வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?

தும்மலும் தோல் அரிப்பும் எனக்குப் பல ஆண்டுத் துணை. இரவுச் சாப்பாடு முடிந்து, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்கப் போவேன். மாத்திரை என்றாலே சாப்பிட்ட பிறகுதான் என்பது சிறு வயதிலேயே மனத்தில் பதிந்துவிட்டதால், அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

காலையில் தூக்கக் கலக்கம் தெளியவில்லை என்று சொன்னதும், மருத்துவர் பிலாஸ்டின் 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். மருந்தை மாற்றினேனே தவிர, வேளையை மாற்றவில்லை. இரண்டு வாரமாகியும் முழங்கை மடிப்பில் நள்ளிரவுத் தடிப்பு அடங்காததால், இது நமக்கு ஒத்துவராத மருந்து என்று முடிவுகட்டப் போன நேரத்தில்தான், பெட்டிக்குள் எட்டாக மடித்திருந்த தாளை விரித்துப் படித்தேன். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. வயிற்றில் உணவு இருந்தால் உடலில் சேரும் பிலாஸ்டினின் அளவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடுமாம். பழச்சாறும் அதே வேலையைச் செய்யுமாம்.

செட்டிரிசினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. உணவோடு சாப்பிட்டால், இரத்தத்தில் அது உச்ச அளவை எட்டுவது ஒன்றே முக்கால் மணி நேரம் வரை தள்ளிப்போகும், அந்த உச்சமும் சற்றுக் குறையும். ஆனால் உடலில் சேரும் மொத்த அளவு மாறாது. ஆகவே, தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு எந்த வேளையும் சரிதான். தும்மல் தொடங்கிய பிறகு அவசரத்துக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் அந்தத் தாமதம் தெரியலாம்.

இன்னொரு ஒவ்வாமை மருந்தான ஃபெக்ஸோஃபெனடினின் கதை வேறு. இதை ஆப்பிள், ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் சாறுகளோடு விழுங்கினால், மருந்தைக் குடலிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கடத்திப் புரதங்களை அந்தச் சாறுகள் தடுத்துவிடுகின்றன. கிரேப்ஃப்ரூட் சாறு பல மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும் என்றுதான் நாம் கேள்விப்பட்டிருப்போம். இங்கே தலைகீழாகக் குறைக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த அமில நீக்கி மருந்துகளும் இதன் வீரியத்தைக் குறைப்பவை என்பதால், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடச் சொல்கிறார்கள். மாத்திரைக்குத் தண்ணீர்தான் நல்லது. குளோர்பெனிரமின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் வயிற்றைப் புரட்டினால், அவற்றை உணவோடு எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பிலாஸ்டினைக் காலையில் எழுந்ததும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கிறேன். மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டால், பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்கிறேன். தடிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. வேளை மாறியதுதான் காரணமா, அதே வாரத்தில் தூசி படிந்த பழைய தலையணையைத் தூக்கிப் போட்டதும் காரணமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.