எருமை மேல் போனவரைத் தேடி

இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதன் நினைவாகப் பெரிய வியாழனன்று கோயிலில் நடக்கும் பாதம் கழுவும் சடங்கில் பதினோரு வருஷமாக உட்கார்ந்து வந்தவன் நான். பன்னிரண்டு நாற்காலியில் இடமிருந்து மூன்றாவது என்னுடையது. சொன்னால் சிரிப்பீர்கள், அன்றைக்குச் சாயங்காலம் வீட்டிலேயே நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். சாமியார் கழுவுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. இந்த வருஷம் பட்டியலில் என் பெயர் இல்லை. புது ஆட்களுக்கும் இடம் வேண்டுமாம். என் நாற்காலியில் தெரு கூட்டும் ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நான் நன்மை (நற்கருணை) வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மனைவி அன்று ஒன்றும் பேசவில்லை. உயிர்ப்பு ஞாயிறு முடிந்து, பள்ளிக்கூடங்கள் திறந்து, ஆனிக் காற்று வீச ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை சொன்னாள்: "ஏங்க, காற்றாடிமலைக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருக்கு. அப்படியே தேவசகாயம் சம்பந்தப்பட்ட எல்லா இடத்தையும் பாத்துட்டு வந்துருவோம்." என்ன நேர்ச்சை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். தேவசகாயம், திருவிதாங்கூர் ராஜாவிடம் வேலை பார்த்து, கிறிஸ்தவர் ஆன பிறகு சுட்டுக் கொல்லப்பட்ட புனிதர். அவரைச் சுட்ட இடம்தான் காற்றாடிமலை.

பாளையங்கோட்டையிலிருந்து வாடகைக் காரில் விடியும் முன் கிளம்பினோம். அவருடைய வாழ்க்கை வரிசைப்படி போனால் நட்டாலத்தில் தொடங்கிக் காற்றாடிமலையில் முடிக்க வேண்டும். நாங்கள் ரோடு வரிசைப்படி போனோம். அதனால் முதலில் வந்தது அவர் பிறந்த ஊர் அல்ல, ஞானஸ்நானம் வாங்கிய ஊர்.

காவல்கிணறில் திரும்பி வடக்கன்குளம். 1745 மே 14 அன்று, சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியார் கையால் நீலகண்டன் இங்கேதான் தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயரின் பொருள்தான் தமிழில் தேவசகாயம். பத்மநாபபுரம் அரண்மனையில், மார்த்தாண்ட வர்மா ராஜாவின் கீழ் உத்தியோகம் பார்த்தவர். ராஜா சேனையை மட்டும் அல்ல, சாதியின் உச்சியையும் அருகிலிருந்து பார்த்த குடும்பம். அப்படிப்பட்டவர் திருவிதாங்கூர் எல்லை தாண்டி, இந்தச் செம்மண் ஊருக்கு வந்து தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி பார்கவியும் பிறகு ஞானப்பூ ஆனார். கணவர் போன பிறகு அந்த அம்மா இந்த ஊரிலேயே இருந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

வடக்கன்குளத்தில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்து போனால் இந்த ஊரைப் பார்த்ததாக ஆகாது. 1872-இல் இங்கே ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டை மாதிரி இரண்டு பக்கம் பிரியும் இரண்டு நீண்ட கூடங்கள். ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர்கள் மறு கூடத்தில். நடுவில் சுவர். பூசை வைக்கும் குருவை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. எல்லாரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார் என்பதற்காகப் பகை சம்பாதித்த மனிதர் ஞானஸ்நானம் வாங்கிய ஊரில், அவர் செத்து 120 வருஷம் கழித்து இப்படி ஒரு சுவர்! 1910-இல் கௌசானல் சுவாமியார் காலத்தில் அதை இடித்தார்கள். இடித்ததை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவர் திரும்பி வரவில்லை.

நான் கோயிலுக்குள் நின்று சுவர் எந்த இடத்தில் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி முழங்காலில் இருந்தாள். எந்தப் பக்கம் என்று நான் யோசிக்கும்போதே, என் நாற்காலி ஞாபகமும் கூடவே வந்தது. சரி, அதை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, தோவாளைப் பூ வாசத்தையும் தாண்டி, கோட்டாறு. சவேரியார் பேராலயத்தில் பீடத்துக்கு முன்னால் அவருடைய கல்லறை. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது நாங்கள் வந்திருந்தோம். கூட்டத்தில் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது முன்னால் நின்றவர் முதுகு மட்டும்தான். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்தோம். குருவும் இல்லை, துறவியும் இல்லை, கல்யாணம் ஆன ஒரு சாதாரண விசுவாசி இந்தியாவிலிருந்து புனிதர் ஆனது அதுதான் முதல் தடவை. பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை எடுத்துவிட்டு, வெறும் தேவசகாயம் என்றுதான் அங்கே அறிவித்தார்கள். உயிரோடு இருந்தபோதே அவர் கழற்றிப் போட்டதைத் திருச்சபை கழற்ற 270 வருஷம் ஆகியிருக்கிறது.

மதியம் தக்கலை பக்கம் புலியூர்க்குறிச்சி. ரோட்டுக்கு ஒரு பக்கம் உதயகிரிக் கோட்டை. உள்ளே டிலனாய் கல்லறை. 1741-இல் குளச்சல் சண்டையில் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவுக்குத் தளபதியான டச்சுப் படை அதிகாரி. ஆடு மாடெல்லாம் செத்து மனசு உடைந்திருந்த நீலகண்டனுக்கு, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னது அவர்தான். சொன்னவர் தளபதியாகவே வாழ்ந்து 1777-இல் போய்ச் சேர்ந்தார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. கேட்டவருக்கு நடந்தது வேறு. எது கொடுத்துவைத்தது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1749 பிப்ரவரியில் தேவசகாயத்தைக் கைது செய்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம் சிறையும் அலைச்சலுமாகப் போனது. அடி, காயத்தில் மிளகாய்ப் பொடி, வெயில். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்தே பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு வீரனின் கதையாகத்தான் அது என் மனதில் பதிந்திருந்தது. ஆனால் உடம்பில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, கையைப் பின்னால் கட்டி, எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்ற இடத்தை இந்தத் தடவைதான் நின்று யோசித்தேன். அதில் வீரத்துக்கு இடமே இல்லை. வாளை எதிர்த்தால் வீரன் என்பார்கள். எருமை மேல் உட்கார்ந்தவனைப் பார்த்துப் பிள்ளைகள் கூடச் சிரிக்கும். நேற்று வரைக்கும் இவர் தெருவில் வந்தால் ஒதுங்கி நின்றவர்கள் இன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பார்கள். "தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்று" என்று இயேசுவைப் பற்றிப் பவுல் எழுதியதைக் கோயிலில் எத்தனையோ தடவை நானே வாசித்திருக்கிறேன். நல்ல உச்சரிப்பு என்று பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

கோட்டைக்குப் பக்கத்தில்தான் முட்டிடிச்சான்பாறை. தாகத்தில் நாக்கு வறண்டு, கை கட்டியிருந்ததால் முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. இன்றைக்கும் அந்தப் பாறைக் குழியின் தண்ணீரை எல்லாரும் பயபக்தியாக வாங்கிக் குடிக்கிறார்கள். நானும் ஒரு பாட்டிலில் பிடித்து, மூடியை இறுக்கி, பைக்குள் துண்டைச் சுற்றி வைத்துக்கொண்டேன். மதினிக்குச் சுகமில்லை. பக்கத்து வீட்டு டீச்சர் கேட்டிருந்தார். கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாருக்கும் கொஞ்சம் கொடுக்கலாம், நான் எங்கே போய் வந்தேன் என்று அவர் வழியாகச் சாமியாருக்கும் தெரியட்டுமே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

நட்டாலத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. 1712 ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்த இடம். ரப்பரும் தென்னையுமாக நிழல். மழை பிடித்துக்கொண்டதால் செபம் முடித்த கையோடு கிளம்பிவிட்டோம்.

ஆரல்வாய்மொழிக்குத் திரும்பும்போது சாயங்காலம் ஐந்தரை. அந்தக் கணவாயின் காற்றைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். முப்பந்தல் காற்றாலைகள் அத்தனையும் சுற்றிக்கொண்டிருந்தன. மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டாள். நாடு கடத்தி இந்த எல்லையில் கொண்டுவந்து விட்ட பிறகும் சனங்கள் அவரைத் தேடி வந்துகொண்டே இருந்ததால், 1752 ஜனவரி 14 ராத்திரி இந்த மலையில் வைத்துச் சுட்டார்கள். சுடுவதற்கு முன் செபிக்க நேரம் கேட்டார் என்றும், அவர் முழங்கால் பட்ட தடம் பாறையில் பதிந்தது என்றும் சொல்வார்கள். அவர் விழுந்தபோது மேலேயிருந்து ஒரு பாறை உடைந்து மணி மாதிரி ஒலித்ததாம். அதுதான் மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கலம் மாதிரிதான் கேட்கிறது.

நான் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினால் மனைவியைக் காணோம். கொஞ்சம் கீழே, ஒரு வயசான அம்மா கல் மேல் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மலை ஏறியிருக்கிறார்கள். உடைமுள் குதிகாலில் ஒடிந்து உள்ளே நின்றுவிட்டது. கூட வந்த பேரப்பையனுக்கு ஆறேழு வயசு இருக்கும், அழுகிற மாதிரி நின்றான். மனைவி தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். முந்தானையிலிருந்து ஊக்கு எடுத்தாயிற்று.

"சும்மா நிக்காதீங்க, லைட்டப் பிடிங்க."

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். பித்தவெடிப்பில் மண் அப்பிக் கிடந்ததால் முள் இருக்கும் இடம் தெரியவில்லை. அவள் கையை நீட்டினாள். "தண்ணிய எடுங்க."

கார்த் தண்ணீர் பாட்டில் கீழே டிரைவரிடம் இருந்தது. பையில் இருந்தது அது ஒன்றுதான். "அது முட்டிடிச்சான்பாறைத் தண்ணி" என்றேன்.

"தெரியும். எடுங்க."

துண்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, இரண்டு கையும் காலைப் பிடித்திருந்தது. "நீங்களே ஊத்துங்க, நான் தேய்க்கேன்." போனைப் பையன் கையில் கொடுத்துவிட்டு நானும் முட்டி போட்டு உட்கார்ந்தேன். பாறை, நல்லா வலித்தது. கொஞ்சமாக ஊற்றினேன். "இன்னும்." இன்னும் ஊற்றினேன். மண் கரைந்து, வெடிப்புத் தெரிந்து, முள் தெரிந்தது. அந்த அம்மா "வேண்டாம்யா, உங்க கையால போய்" என்று காலை இழுக்கப் பார்த்தார்கள். ஊக்கு நுனி உள்ளே போனபோது என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முள் அரை இஞ்ச் இருக்கும். ரத்தம் வந்தது. மிச்சத் தண்ணீரையும் ஊற்றிக் கழுவி, பாட்டிலைச் சுற்றியிருந்த துண்டைக் கிழித்துக் கட்டினோம்.

பையன் போனைத் திருப்பித் தந்துவிட்டு, "தாத்தா, கல்லு எங்க தட்டணும்?" என்று கேட்டான். கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் போதும் போதும் என்கிற அளவுக்குத் தட்டினான்.

காரில் ஏறிக் காவல்கிணறு தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. காலி பாட்டில் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்:

"மதினி கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தண்ணி தீந்துபோச்சுன்னு சொல்லுவேன்."

"உபதேசியாருக்கு?"

நான் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். காற்று நன்றாக வந்தது.