அந்த மெயிலைத் திறக்கும் வரைதான்

ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனைப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் அறையில் கூட்டம் நெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த வாரம் அறை காலியாகவே இருக்கும். பெயிலானவர்கள் ஒரு மாதம் கழித்து, சில சமயம் ஒரு செமஸ்டரே கழித்துத்தான் வருவார்கள். அதற்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் தேதி முடிந்திருக்கும், மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கும் தேதியும் போயிருக்கும், காய்ச்சலோடு எழுதியவர் மருத்துவச் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டிய நாளும் கடந்திருக்கும். உதவி இருந்தும் கைக்கு எட்டாமல் போவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

இரண்டாம் வருட மாணவன் ஒருவன் வந்து உட்கார்ந்தான், பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. நாலு பேப்பரில் மூன்று போய்விட்டது. ஆசிரியரிடம் பேசினாயா என்று கேட்டேன். அவர் மெயில் அனுப்பியிருக்கிறார், இன்னும் திறக்கவில்லை என்றான். எத்தனை நாளாக? பத்து வாரமாக. "வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன் சார்" என்றான். இங்கேயே பார்க்கலாமே, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். போனை மேசை மேல் வைத்தான், விரல் திரை வரை வந்து வந்து திரும்பியது. கடைசியில் திறந்தான். உள்ளே இரண்டே வரி: "இரண்டு வகுப்பாக ஆளைக் காணோமே, உடம்புக்கு ஒன்றுமில்லையே? முடிந்தபோது வந்து பார்." அவன் அதை இரண்டு தடவை படித்தான், அப்புறம்தான் பையைக் கீழே வைத்தான்.

பாடத்தில் பின்தங்கியவர்களை இன்னும் பின்னுக்குத் தள்ளுவது பெரும்பாலும் வெட்கம்தான். உளவியலாளர் மைக்கேல் வோலும் உடன் பணியாற்றியவர்களும் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது: முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது. தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால்தான் புத்தி வரும் என்று நம்புகிற பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். யார் வந்தாலும் காலை முதல் இரவு வரை மணிக்கணக்குப் போட்டு ஒரு கால அட்டவணை எழுதிக் கொடுப்பேன். மூன்றாம் நாளே அது தவறிவிடும், அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அவர்கள் திரும்பி வரவே மாட்டார்கள். ஒளிந்துகொள்ள இன்னொரு காரணத்தை நானே கொடுத்திருக்கிறேன். இப்போது ஒரே ஒரு வேலைதான் சொல்வேன், அடுத்து சந்திக்கும் நாளையும் அங்கேயே முடிவு செய்துவிடுவோம். செய்யாவிட்டாலும் வர வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

முடிந்தால் விடைத்தாள் நகலை வாங்கி வரச் சொல்வேன், ஏனென்றால் மார்க்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, விடைத்தாளைப் பார்த்தால் தெரியும். ஒரு பெண்ணின் தாளில் எழுதிய பதில்கள் எல்லாம் சரி, கடைசி இரண்டு கேள்விகள் வெறுமையாக இருந்தன, அதுவும் எல்லாப் பாடத்திலும். பேசிப் பார்த்ததில் கேள்வியைப் படித்து முடிக்கவே அவளுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகிறது என்று தெரிந்தது. பரிசோதனைக்கு அனுப்பினோம், டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் சிரமம். அடுத்த தேர்வில் கூடுதல் நேரம் கிடைத்தது. அத்தனை வருடமும் தன்னை மந்தம் என்றே நினைத்திருந்தாள்.

இன்னும் சிலர் நிஜமாகவே இரவு பகலாகப் படித்திருப்பார்கள், ஆனால் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருப்பார்கள். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேவும் 2006-இல் காட்டியது இதைத்தான். ஐந்து நிமிடத்தில் கேட்டால், திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. படித்த அன்று எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதில்தான் ஏமாந்துவிடுகிறோம்.

சிலரிடம் படிப்பைப் பற்றிப் பேசவே மாட்டேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது என்றால் நேராகவே கேட்பேன், சாகலாம் என்று தோன்றுகிறதா என்று. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள், அப்படி வருவதில்லை. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடமாட்டோம், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போவோம். மறுதேர்வு, அட்டவணை எல்லாம் அப்புறம்.

இந்த வருடம் ஒன்றை மாற்றியிருக்கிறோம். ரிசல்ட் வந்த மறுநாளே நாங்களே போன் செய்கிறோம். 'தேவைப்பட்டால் வாருங்கள்' என்று சொல்வதில்லை, நாளைக்கு 11 மணிக்கு உனக்காக இருக்கிறேன் என்று சொல்கிறோம். நேற்று ஒரு பெண் நாலாவது அழைப்பில்தான் எடுத்தாள். பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. தேதி இன்னும் இருக்கிறதம்மா, எல்லாத் தாளையும் சேர்ந்து பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த மாடி சார்?" என்று கேட்டாள்.